மேகத்துக்குக் குடிபோன விகடகவி

வெண்காடன் என்பது அவன் பெயர். அரசர்களும் கணினிகளும் ஒரே அரண்மனையில் வாழ்ந்த முன்னொரு காலத்தில், அரசர் வழுதிநாதரின் அவையில் அவன் விகடகவியாக இருந்தான். எவர் எதைச் சொன்னாலும் முதலில் "அப்படியா!" என்று வியப்பதும், உடனே "அது எப்படி?" என்று கேட்பதும் அவன் வழக்கம். மனத்தில் ஒரு கேள்வி எழுந்த நாளில் அவனுக்கு உணவு இறங்காது. விடை கிடைத்த நாளில் இரண்டு பேர் உணவை ஒருவனே உண்பான்.

ஒரு நாள் காலை அரசரின் மேசைக் கணினிக்குள் ஒரு பல்லி புகுந்தது. படீரென்று ஓர் ஒலி, சிறிது புகை. பல்லியும் போயிற்று, கணினியும் போயிற்று. அதனோடு, தம் வீரத்தைப் பற்றி அரசர் தாமே எழுதிவந்த நாற்பத்து மூன்று பாடல்களும் போயின.

"ஒரு பல்லியைத் தாங்காத பொறி ஓர் அரசனுக்கு எதற்கு?" என்று அரசர் சீறினார்.

இந்தச் சமயத்துக்காகவே காத்திருந்தவர்போல் அமைச்சர் அம்பலவாணர் எழுந்தார். விகடகவியின் இருக்கையில் தம் மைத்துனரை அமர்த்திவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மைத்துனரோ அவ்விருக்கைக்கு அளவெடுத்து மெத்தையும் தைக்கக் கொடுத்துவிட்டார்.

"அரசே, மேகக் கணினி என்று ஒன்று வந்திருக்கிறது. அதில் கோப்புகள் மட்டுமல்ல, கணினியை நடத்துகின்ற இயங்குதளமே நம்மிடம் இராது. தொலைவில் ஒரு பெரும் பொறிக்கூடத்தில் இருக்கும். நம் மேசைமேல் வெறுந்திரை ஒன்று போதும். அது ஒரு சன்னல். திறந்தால் எல்லாம் தெரியும். பல்லி வந்தாலும் சன்னலைத்தான் கெடுக்கும்."

"அப்படியா!" என்றான் வெண்காடன். "அது எப்படி? சன்னலுக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள இணைப்பு அறுந்துபோனால்?"

"நீர் வாய் வைக்காமலிருந்தால் ஏன் ஐயா அறுகிறது? உம் பழைய கணினிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர் ஆயிற்றே, விட மனம் வருமா?" என்றார் அமைச்சர். அவை சிரித்தது.

அமைச்சரே ஓலை எழுதினார், அரசர் முத்திரையிட்டார். "அரண்மனைக்காக உழைக்கும் எதுவும் இனி அரண்மனைக்குள் இருத்தலாகாது. அது தொலைவில், மேலே இருத்தல் வேண்டும். இங்கே அதற்கொரு சன்னல் மட்டும் இருக்கலாம்" என்பது ஆணை.

முத்திரையிட்ட பிறகு அரசருக்கே ஓர் ஆவல் பிறந்தது.

"வெண்காடா, மேகம் மேசைக்கு மாற்றாகுமா, ஆகாதா? ஐந்து நாள் தருகிறேன். பேசாதே, செய்து காட்டு. காட்டத் தவறினால் உன் கணினி உடைபடும்; உன் இருக்கை அமைச்சரின் மைத்துனருக்குப் போகும்."

"அரசே, விடை எனக்கும் தெரியாது. ஆகையால் எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது" என்றான் வெண்காடன். அன்று அவன் உண்ணவில்லை.

மறுநாள் அவை கூடியபோது விகடகவியின் இருக்கையில் வெண்காடன் இல்லை. மரச்சட்டமிட்ட சன்னல் ஒன்று நின்றது. அதிலிருந்து இரட்டைக் கயிறு ஒன்று புறப்பட்டு, வாயில் வழியே வெளியேறி, எதிரிலிருந்த குன்றின் உச்சிவரை சென்றது. கயிற்றில் ஒரு சிறு கூடை தொங்கியது. சன்னலின்கீழ் ஓர் ஓலை இருந்தது. காவலன் அதைப் படித்தான்:

"அரண்மனைக்காக உழைப்பவற்றுள் அடியேனும் ஒருவன். ஆகவே ஆணைப்படி மேலே குடிபோய்விட்டேன். கேள்வியைக் கூடையிலிட்டுக் கயிற்றை இழுத்தால் விடை வரும். அமைச்சர் உள்ளேயே இருக்கலாம். 'உழைக்கும்' எதுவும் என்றுதான் ஆணை சொல்கிறது."

அமைச்சரின் முகம் சிவந்தது. அரசரோ ஆவலோடு ஓலை நறுக்கில் எழுதிக் கயிற்றை இழுத்தார். குன்றின் உச்சியில் மணி ஒலித்தது. கூடை ஏறிற்று, சிறிது பொழுதில் இறங்கிற்று.

'இன்று வெண்பொங்கலுக்கு என்ன தொட்டுக்கொள்ளலாம்?' என்பது கேள்வி. 'கத்தரிக்காய்க் கொத்சு. சற்றுமுன் அரசியாரும் சமையற்கட்டிலிருந்து இதையே கேட்டார்கள். அங்கும் ஒரு கயிறு கட்டியிருக்கிறேன்' என்பது விடை.

அரசர் துள்ளினார். குளியலறைக்கு ஒரு கயிறு, பூங்காவுக்கு ஒரு கயிறு, குதிரை லாயத்துக்கு ஒரு கயிறு எனச் சன்னல் வைத்துக் கட்டச் செய்தார். அவையில் பாதி கேட்ட விடுகதையின் மீதியைத் தலையில் எண்ணெயோடு குளியலறையில் கேட்டார். எந்தச் சன்னலில் விட்டாரோ அந்த இடத்திலிருந்தே அடுத்த சன்னலில் பேச்சுத் தொடர்ந்தது.

மூன்றாம் நாள் யானைப்பாகன் நடுங்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"சாமி, மன்னிக்கணும்! பூங்காவுல இருந்த சன்னலை நம்ம யானை கருப்பாயி மிதிச்சு நொறுக்கிடுச்சு. வெண்காடரு உள்ள இருந்தாரான்னு தெரியலையே!"

"அடேய், அவன் குன்றின்மேல் இருக்கிறான்!" என்று சிரித்த அரசர், வேறொரு சட்டத்தைக் கட்டச் சொன்னார். கட்டிய உடனே அங்கும் விடை வந்தது. ஒரு சொல்லும் குறையவில்லை.

"பார்த்தீர்களா? இவனே நம் கட்சிக்குச் சான்று கூறுகிறான்" என்று அமைச்சர் மைத்துனரின் காதில் சொன்னார்.

"மெத்தை நாளைக்குத் தயாராகிவிடும் அத்தான்" என்றார் மைத்துனர்.

நான்காம் நாளில் ஐந்து கயிறுகளையும் ஒரே வேளையில் ஐந்து பேர் இழுத்தனர். அரசருக்கு விடை வர நெடுநேரம் ஆயிற்று. அரசர் சற்றே முகம் சுளித்தார், எனினும் பொறுத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் அயல்நாட்டுத் தூதர் ஒருவர் வந்தார். அவர் வரும்போதே வானம் இருண்டது. கருமேகங்கள் குன்றை உச்சிமுதல் அடிவரை மூடிக்கொண்டன. மழை கொட்டியது.

தூதர் வணங்கிவிட்டுச் சொன்னார்: "உங்கள் விகடகவியின் புகழைக் கேட்டு எங்கள் அரசர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். ஓரிடத்திலேயே கிடக்கும்; ஊர் ஊராகப் போகும். அது யாது? மழை விடுமுன் விடை வேண்டும். வராவிட்டால் இந்த அவையில் அறிவுக்குரிய இருக்கை காலியாக இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்."

அரசர் பெருமிதத்தோடு கயிற்றை இழுத்தார். கயிறு நனைந்து ஊறிப் பருத்து, உருளையில் இறுகியிருந்தது. அசையவில்லை. மணி ஒலிக்கவில்லை. அமைச்சரும் இழுத்தார், மைத்துனரும் மெத்தையைக் கீழே வைத்துவிட்டு இழுத்தார். மூவரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்ததுதான் பயன்.

"விகடகவி எங்கே இருக்கிறார்?" என்று தூதர் கேட்டார்.

"மேகத்தில்" என்றார் அரசர்.

"அதுதான் வந்துவிட்டதே! வெளியே வந்து பாருங்கள், ஊரெங்கும் மேகந்தான்."

"அந்த மேகம் வந்ததால்தான் இந்த மேகம் வரவில்லை!" என்று அரசர் பல்லைக் கடித்தார்.

வேறு வழியின்றி அவர் அந்த வெறுஞ்சன்னலையே உற்றுப் பார்த்தார். அதில் வெண்காடனின் விடை இல்லை. அதன் வழியே அவை வாயில் தெரிந்தது. வாயிலுக்கு அப்பால், மழையில் நனைந்தபடி, குன்றைச் சுற்றி அயலூருக்குப் போகும் சாலை தெரிந்தது. அரசர் சிறிது நேரம் அதைப் பார்த்தார். பிறகு மெல்ல, தமக்கே நம்பிக்கையில்லாதவர்போல், "சாலையோ?" என்றார்.

தூதர் தலைவணங்கினார். "சாலையேதான், அரசே."

மழை நின்ற பின்னர் வெண்காடன் சொட்டச் சொட்ட இறங்கிவந்தான்.

அம்பலவாணர் பாய்ந்தார். "அரசே, வேண்டிய வேளையில் இவன் விடை தரவில்லை! இருக்கையை உடனே பறிக்க வேண்டும்!"

"நான் ஆணையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினேன், அமைச்சர் பெருமானே" என்றான் வெண்காடன். "ஒன்றே ஒன்றுதான் ஆணையை மீறியது. அரண்மனைக்காக உழைத்துக்கொண்டே அரண்மனைக்குள்ளும் இருந்துவிட்டது. தண்டிப்பதானால் அதைத்தான் தண்டிக்க வேண்டும்."

"எது?" என்றார் அரசர்.

"தங்கள் தலை, அரசே. அதையும் மேலே அனுப்பியிருந்தால் இன்று தூதருக்கு யார் விடை சொல்லியிருப்பார்?"

அரசர் தம் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு மகுடம் சரியும்படி சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், "அப்படியானால் மேகம் மாற்றாகாது, அதுதானே?" என்று கேட்டார்.

"அப்படியும் சொல்ல இயலவில்லை. யானை மிதித்த அன்று அது மேசையை வென்றது. அரசியாரின் சமையலுக்கும் தங்கள் குளியலுக்கும் அதுவே போதுமானது. நாலு நாள் மாற்றாக இருந்தது. ஐந்தாம் நாள் இல்லாமற்போயிற்று. ஐந்தாம் நாள் எவர் எவருக்கு எப்போது வரும் என்பது மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை."

"என் நாற்பத்து மூன்று பாடல்களும் மேகத்தில் இருந்திருந்தால்?"

"ஒன்றுகூடக் குறையாமல் பிழைத்திருக்கும், அரசே." வெண்காடன் பெருமூச்சுவிட்டான். "அவ்வகையில் இந்த அவை அந்தப் பல்லிக்குக் கடமைப்பட்டிருக்கிறது."

அரசரே முதலில் சிரித்தார். தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து நனைந்த விகடகவிக்குப் போர்த்தினார். புதிய மெத்தையையும் அவனுக்கே கொடுக்கச் செய்தார். குன்றின் உச்சியில் உருளைக்கு எண்ணெயிடும் பணி மைத்துனருக்குக் கிடைத்தது. ஆணை ஓலை கிழிக்கப்பட்டது.

"இனி அவரவர் விருப்பம். உன் கணினியை என்ன செய்யப்போகிறாய், வெண்காடா?" என்று அரசர் கேட்டார்.

"அது என் மேசைமேலேயே இருக்கட்டும், அரசே. எழுதியவற்றின் பிரதியை மட்டும் நாள்தோறும் மேலே அனுப்பிவைக்கிறேன்" என்றான் வெண்காடன்.