எண்பத்தேழாவது கிலோமீட்டர்

“செத்துக்கிட்டிருக்கு, மேடம்,” என்றார் மாசிலாமணி.

அதுவரை அசையாமல் இருந்த எண் சரிந்துகொண்டிருந்தது. தொண்ணூற்றாறு. எண்பத்தெட்டு. எழுபத்தொன்று. கூடவே திரையில் ஒரு கோடும் இறங்கியது.

பின்னால் உட்கார்ந்திருந்த ஜெபசீலி அவருடைய ஆய்வு வழிகாட்டி. அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். இருபது ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் நடத்திவிட்டு, இவளிடம்தான் அவர் மாணவராக வந்து சேர்ந்திருந்தார்.

கடற்கரையிலிருந்து ராக்கெட் கிளம்பி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதன் தலையில், உறைகுளிரில் பொதிந்தால்தான் வேலை செய்யும் அவருடைய கருவி. தனக்கு மேலே இருக்கும் காற்று உமிழும் அகச்சிவப்புக் கதிரை எண்ணுவது அதன் வேலை. எண்பத்தேழு கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய காற்றடுக்கு ஒன்று ஒளிர்கிறது, அதைக் காட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

முதல் ராக்கெட் கடலில் விழுந்தது. இரண்டாவதில் குளிர் தீர்ந்து, எண் இப்படித்தான் செத்தது. இது மூன்றாவது. இனிமேல் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

“மாத்துக் கருவியைப் போட்டுடவா?”

“போட்டா?”

“இது அணைஞ்சிடும். அது முழிச்சுக்க ஒரு நிமிஷம் ஆகும்.”

“அந்த ஒரு நிமிஷம்?”

“குருடுதான்.”

அவர் விரல் விசையின் மேல் இருந்தது. ஐம்பத்திரண்டு. முப்பது.

“ஏதாவது சொல்லுங்க மேடம். பரீட்சை ஹாலுக்குக் காவல் இருக்கிற மாதிரி உக்காந்திருக்கீங்க.”

“உள்ள குளிர் இருக்கா?”

பார்த்தார். “இருக்கு.”

“அப்ப அது சாகலை.”

“பின்ன ஏன் குறையுது? நெருங்க நெருங்கக் கூடத்தானே செய்யணும்?”

“கருவி எந்தப் பக்கம் பாக்குது, சார்?”

“மேல.”

“ராக்கெட் இப்ப எங்க?”

“தொண்ணூத்தஞ்சுல.”

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. விசையிலிருந்து விரலை எடுத்தார்.

“தாண்டிடுச்சு,” என்றார். “அடுக்கு கீழ போயிடுச்சு.”

எண் ஒன்பதில் வந்து நின்றது. அதற்குமேல் குறையவில்லை.

கோட்டில் எங்காவது ஒரு மேடு இருக்கிறதா என்று அவர் தேடினார்.

“அப்ப, அதை நான் பாக்கவே இல்லையே, மேடம்.”

ஜெபசீலி எழுந்து வந்தாள். கோடு செங்குத்தாக இறங்கிய இடத்தில் நகத்தை வைத்தாள்.

“எது தாண்டிப் போனதைப் பாத்து சார், செத்துக்கிட்டிருக்குன்னு சொன்னீங்க?”