மருதங்குழி ராஜாவின் இத்தாலிக் கார்

மருதங்குழி ராஜா விசயரங்கர் ஒரு கார் வாங்கினார். இத்தாலி தேசத்துக் கார். ரத்தச் சிவப்பு. கூரையை மடக்கிப் பின்னால் செருகிவிடலாம். கூரையே வேண்டாம் என்பவனுக்கு எதற்குக் கூரை என்று கேட்க அந்தச் சபையில் யாருக்கும் வாயில்லை. உலகத்திலேயே ஒன்பதுதான் செய்தார்களாம். ஓட்டினால் மதிப்பு குறைந்துவிடுமாம். அதனால் ராஜா அதை அரண்மனை வாசலில் நிறுத்தி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ராஜாவாகப் பிறந்தால் இதுவும் ஒரு வேலை.

"மாட்டு வண்டி போனால் காரில் புழுதி படிகிறது, மகாராஜா," என்றார் திவான் வேங்கடராயர்.

அன்றே அந்த வீதியில் மாட்டு வண்டிக்குத் தடை. வயலுக்குப் போக வேறு பாதை இல்லை. ஆடி மாதம். ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் எரு அடித்தாக வேண்டும். குடியானவர்கள் அரண்மனை விகடகவி பிச்சாண்டியிடம் ஓடினார்கள். சபையில் ராஜாவுக்குப் பதில் சொல்லத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"எரு போகலேன்னா இந்த வருசம் பதரைத்தான் அறுக்கணும் சாமி," என்றான் அவர்களில் ஒருவனான சடையன்.

"பொறு. ராஜாவே வழி சொல்லுவார்," என்றான் பிச்சாண்டி.

மறுநாள் ஒரு செய்தி வந்தது. பக்கத்துச் சமஸ்தானத்து ராஜாவும் அதே காரை வாங்கியிருக்கிறார். அதே சிவப்பு. விசயரங்கருக்குச் சோறு இறங்கவில்லை.

"என் காரைப் போல உலகத்தில் இன்னொன்று இருக்கக் கூடாது! என்ன செய்யலாம்?" என்று சபையில் கத்தினார்.

திவான் நைசாகச் சிரித்தார். "பிச்சாண்டியிடம் விடுங்கள், மகாராஜா. பெரிய புத்திசாலி அல்லவா?"

"சரி. பிச்சாண்டி, நாளைக்குள் செய். முடியாவிட்டால் பெண்டு பிள்ளையோடு ஊரை விட்டுப் போ."

"எப்படிச் செய்தாலும் சரிதானே, மகாராஜா?"

"எப்படியாவது செய். கீறல் மட்டும் விழக் கூடாது."

மறுநாள் காலையில் ராஜா வாசலுக்கு வந்தார். காரைக் காணோம். நாற்றம் மட்டும் இருந்தது. சற்று நேரத்தில் வீதிமுனையில் கார் திரும்பியது. சீட்டெல்லாம் சாக்கு விரித்து, அதன்மேல் கோபுரமாக எரு. உச்சியில் சடையன் கூடையோடு உட்கார்ந்திருந்தான். முன்னால் டிரைவர் மூக்கில் துண்டு கட்டியிருந்தான். பக்கத்தில் பிச்சாண்டி.

"அடப்பாவி! என்னடா இது?" ராஜா அலறினார்.

"தலையை வாங்குங்கள், மகாராஜா!" என்று குதித்தார் திவான்.

பிச்சாண்டி நிதானமாக இறங்கிக் கும்பிட்டான். "ஒரு கீறல் இல்லை, தடவிப் பாருங்கள். மற்ற எட்டும் துணி மூடிக் கிடக்கின்றன. எரு சுமந்த இத்தாலிக் கார் உலகத்திலேயே இது ஒன்றுதான். சந்தேகமாக இருந்தால் பக்கத்து ராஜாவை அவர் காரை மோந்து பார்க்கச் சொல்லுங்கள்."

ராஜா வாயைப் பிளந்தார். யோசித்தார். மெல்ல முகம் மலர்ந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டிக்குப் போட்டார். சட்டென்று சிரிப்பு நின்றது.

"எத்தனை நடை அடித்தாய்?"

"காலையிலிருந்து நாலைந்து இருக்கும், மகாராஜா."

"போதாது!" ராஜா குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பயலுக்குத் தெரிந்தால் அவனும் ஏற்ற ஆரம்பித்துவிடுவான். ஊரில் ஒரு கூடை எரு மிச்சம் இருக்கும்வரை நீ நிறுத்தாதே!"