முதல் கை உப்பு

மடத்தின் பின்கட்டில் குருவம்மா பாசிப்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பிரசவத்துக்கு ஊருக்கு வந்திருந்த வடிவு குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“பயமில்லாம இருக்கிறது எப்படிம்மா?”

“தெரியாதே அக்கா,” என்றார் குருவம்மா.

குருவம்மா வடிவைவிட வயதில் சின்னவர். அதே தெருவில் பிறந்தவர். முந்தைய குரு கண்மூடும் முன்பு இவரைத்தான் பீடத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனார். பீடத்தில் உட்கார்ந்த பிறகும் வடிவை அக்கா என்று கூப்பிடுவதை அவர் விடவில்லை. வடிவோ, அவரிடம் தீட்சை வாங்கிய நாளிலிருந்து அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டாள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டுக் கொஞ்சம் குழம்பிப்போவார்கள்.

“எதுக்குப் பயம்?”

“எல்லாத்துக்கும். ராத்திரி இவளுக்கு மூச்சு வருதான்னு மூக்குக்குக் கீழ விரல் வைச்சுப் பார்க்கேன்.”

“வருதா?”

“வருது.”

“அப்புறம்?”

“மறுபடியும் பார்க்கேன்.”

குருவம்மா ஒரு கல்லை எடுத்து வாசலுக்கு வெளியே எறிந்தார்.

“நாளைக்கு இவ அப்பா வாராரு,” என்றாள் வடிவு. “ஓசூருக்குக் கூட்டிட்டுப் போக. அவரு ஷிஃப்டுக்குப் போயிட்டா வீட்டுல நானும் இவளும்தான். பால் குடிக்கலன்னா யார்கிட்ட கேப்பேன்? விடாம அழுதா யார்கிட்ட கேப்பேன்?”

“போன் இருக்கே.”

“அதுல பார்த்தா இன்னும் பயமா இருக்கு. சாதாரண தும்மல்னு தேடுனா, பத்து வியாதி பேரு சொல்லுது.”

குருவம்மா சிரித்தார்.

“சிரிக்காதீங்கம்மா. இங்கன்னா ஆவுடையப்பன் அண்ணாச்சி இருக்காங்க, பொன்னுத்தாய் மதினி இருக்காங்க, நீங்க இருக்கீங்க. இவ நடக்கிற வரைக்கும் நான் இங்கேயே இருந்துக்கிடுதேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவரு கேப்பாரு.”

குருவம்மா முறத்தை ஒருமுறை தட்டினார்.

“நாளைக்குப் படையல் பொங்கல் நீங்க வைங்க. அப்புறம் சொல்றேன்.”

அந்த மடத்தில் மார்கழி விடியலில் சாமிக்குப் பொங்கல் படைத்த பிறகுதான் மற்றவர்கள் வாயில் எதுவும் படும். சமைக்கிறவர் ருசி பார்க்கக் கூடாது. வாசனைகூடப் பிடிக்கக் கூடாது என்று, கண்ணுக்குக் கீழே மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிக்கொள்ள வேண்டும். உப்பு சரியா தப்பா என்று சாமி சாப்பிட்ட பிறகுதான் தெரியவரும்.

“எனக்கு வராதும்மா.”

“வீட்டுல வைக்கிறதில்லையா?”

“அது வேற. அங்க நாக்குல வைச்சுப் பார்ப்பேன்.”

“நாளைக்கு நாக்கு இல்லாம வைங்க,” என்றார் குருவம்மா.

விடியுமுன் வடிவு மடைப்பள்ளிக்கு வந்துவிட்டாள். உத்தரத்தில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டாள். துணியை முகத்தில் கட்டிக்கொண்டாள். அரிசியும் பருப்பும் பெரிய உருளியில் குழைந்து வந்தபோது, உப்புப் பானைக்குள் கைவிட்டு ஒரு கை கல்லுப்பை அள்ளிப் போட்டாள். கை தானாகப் போய்த் தானாக அள்ளியது. கிளறிவிட்டாள்.

அப்புறம்தான் யோசனை வந்தது.

மடைப்பள்ளியில் எப்போதும் சமைக்கிற ஆவுடையப்பன் அன்றைக்குச் சமையல் வேலை இல்லாமல் மிளகு நுணுக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, ஒரு கை உப்பு போட்டிருக்கேன். போதுமா?”

அவர் எட்டிப்பார்த்தார். “பார்த்துச் சொல்லுததுக்கு நான் என்ன ஜோசியக்காரனா? கேட்டுட்ட. இனி போதும்னு சொல்லி, பத்தலன்னா என் தலையை உருட்டுவ. கூட ஒரு கை போட்டு வை.”

வடிவு போட்டாள்.

தூளியில் குழந்தை சிணுங்கியது.

“பனி கொட்டுது, பிள்ளைக்குக் குல்லா எங்க?” என்றார் ஆவுடையப்பன். வடிவு ஓடிப்போய்க் குல்லா மாட்டினாள்.

பொன்னுத்தாய் தேங்காய் மூடிகளோடு உள்ளே வந்தாள். மடத்துக்குக் காய் நறுக்கிக் கொடுக்கிறவள். நாலு பிள்ளை பெற்றவள் என்பதை நாளுக்கு நாலு தடவை சொல்கிறவள்.

“மதினி, உப்பு போதுமா பாருங்க.”

“நெய் ஊத்துவீகள்லா? நெய் உப்பை முழுங்கிரும். தாராளமா ஒரு கை போடு. நாலு பிள்ளைக்குப் பொங்கிப் போட்டவ சொல்லுதேன்.”

வடிவு போட்டாள்.

“பிள்ளைக்குக் காலு சில்லுன்னு இருக்கும். சாக்ஸ் போட்டு, ஸ்வெட்டரையும் மாட்டிவிடு. மேல ஒரு துண்டைச் சுத்து.”

வடிவு அதையும் செய்தாள். குழந்தை இப்போது வாய்விட்டு அழுதது. ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டே மறு கையால் கிளறினாள்.

அந்த நேரம் குருவம்மா குளித்து ஈரத்தலையோடு வாசற்படியில் வந்து நின்றார்.

“அம்மா, உப்பு...”

“நான் சமைக்கலையே அக்கா.”

சொல்லிவிட்டு அவர் உருளியைப் பார்த்தார். புருவம் லேசாகச் சுருங்கியது. பிறகு போய்விட்டார்.

வடிவு அந்தப் புருவத்தையே நினைத்துக்கொண்டிருந்தாள். உருளியைப் பார்த்தாள். பானைக்குள் கைவிட்டு இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டாள்.

மணி அடித்து, படையல் முடிந்து, பந்தி உட்கார்ந்தது. இலைகளில் பொங்கல் விழுந்தது. ஆவுடையப்பன் முதல் கவளத்தை வாயில் போட்டார். மெல்லவில்லை.

“பாவம் சாமி,” என்றார் கடைசியில். “நமக்கு முன்னால சாப்பிட்டாரே.”

பந்தி முழுக்கச் சிரித்தது. தண்ணீர்ச் செம்பு கைமாறிக் கைமாறிப் போனது.

“பிரசாதம், கீழ கொட்டப்படாது,” என்றாள் பொன்னுத்தாய். “கூழாக் கரைச்சு வத்தல் போட்டுருதேன். வருசம் பூரா மோருக்கு உப்பே வேண்டாம்.”

குருவம்மா மட்டும் வாயில் போட்டதை விழுங்கினார். ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தார். எழுந்து மடைப்பள்ளிக்குப் போனார்.

அங்கே வடிவு தூளிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். முகத்துணி கண்ணீரில் நனைந்திருந்தது.

“பார்த்தீங்களாம்மா? இதுதான் நான். ஒரு பொங்கல் வைக்கத் தெரியலை. என்னை நம்பி ஒரு உசுரைத் தனியா அனுப்பாதீங்க.”

“எவ்வளவு உப்பு போட்டீங்க?”

“முதல்ல ஒரு கை போட்டேன்.”

“அப்புறம்?”

“அண்ணாச்சி சொன்னதுக்கு ஒரு கை. மதினி சொன்னதுக்கு ஒரு கை.” வடிவு மூக்கை உறிஞ்சினாள். “நீங்க பார்த்த பார்வைக்கு ஒரு கை.”

“என் பார்வைக்கா?”

“புருவத்தைச் சுருக்குனீங்க.”

“அடுப்புல பச்சை விறகு, அக்கா. புகை கண்ணுல பட்டுச்சு.”

வடிவு அழுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

“வெளியே எல்லாரும் பசியா இருக்காங்க,” என்றார் குருவம்மா. “இன்னொரு உருளி வைங்க. இதுல உங்க உப்பை மட்டும் போடுங்க.”

“இது படையல் இல்லையே. ருசி பார்க்கலாமா?”

“துணியை அவிழ்க்க வேண்டாம்.”

ஆவுடையப்பனையும் பொன்னுத்தாயையும் கிணற்றடிக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அவரும் போய்விட்டார்.

வடிவு அரிசி களைந்தாள். பருப்பு வறுத்தாள். கேட்க ஆளில்லாத மடைப்பள்ளி ரொம்பப் பெரிதாக இருந்தது. உருளி தளதளத்தபோது ஒரு கை உப்பை அள்ளினாள். அப்படியே கொஞ்சம் நின்றாள். உப்பு விரலிடுக்கில் கசகசத்தது. போட்டாள்.

உடனே கதவைப் பார்த்தாள். கதவு சாத்தியேதான் இருந்தது.

குழந்தை வீறிட்டது. வடிவு தூளியை விரித்துப் பார்த்தாள். முகம் சிவந்து, கழுத்து மடிப்பெல்லாம் வியர்வை வழிந்தது. அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் குல்லாவும் ஸ்வெட்டரும் சாக்ஸும் துண்டுமாகக் கிடந்தாள் பாப்பா.

துண்டை எடுத்தாள். குல்லாவைக் கழற்றினாள். ஸ்வெட்டரை உருவினாள். ஒரு சாக்ஸைக் குழந்தையே உதைத்துத் தள்ளியது. இன்னொன்றை இவள் கழற்றினாள். வெறும் பருத்திச் சட்டையோடு, அடுப்பிலிருந்து தள்ளி ஜன்னல் பக்கம் தூளியை மாற்றிக் கட்டினாள். நெற்றியில் ஊதினாள். குழந்தை ஒரு பெரிய பெருமூச்சு விட்டு, கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனது.

வடிவின் விரல் தானாகக் குழந்தையின் மூக்கடிக்குப் போனது. சூடாக மூச்சு வந்தது. அடுப்புக்குத் திரும்பி வந்து நெய்யில் மிளகும் சீரகமும் தாளித்துக் கொட்டினாள். பொங்கலை இறக்கி, மூடினாள். தூளிப் பக்கம் மறுபடி போகவில்லை.

இரண்டாம் பந்தியில் பேச்சே எழவில்லை. இலையில் விரல் வழிக்கிற சத்தம்தான் கேட்டது. வடிவு வாளியோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஒருவரும் நிமிரவில்லை. ஆவுடையப்பன் இலையைக் காட்டி, “இங்க விடு,” என்றார். பிறகு மறுபடியும், “இங்க விடு.”

குருவம்மாவின் இலைக்கு முன்னால் வந்ததும் வடிவால் பொறுக்க முடியவில்லை.

“உப்பு எப்படிம்மா இருக்கு?”

குருவம்மா பக்கத்தில் ஓர் இலையைப் போட்டார்.

“உட்காருங்க. சாப்பிட்டுட்டு நீங்க எனக்குச் சொல்லுங்க.”

வடிவு துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு வாய் சாப்பிட்டாள். இலை காலியாகும்வரை நிமிராமல் சாப்பிட்டாள்.

மத்தியான பஸ்ஸில் சங்கரலிங்கம் வந்து சேர்ந்தான். கால் கழுவிவிட்டு மகளைத் தூக்கினான்.

“என்ன வடிவு, வெறும் சட்டையோட விட்டிருக்க? குளிராது?”

“இப்பக் குளிராது,” என்றாள் வடிவு. “ஸ்வெட்டர் பையில இருக்கு. பஸ்ஸுல காத்தடிச்சா போட்டுக்கிடலாம்.”

சொன்ன பிறகு, சொன்னது யார் என்று தேடுகிறவள்போல ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“டிக்கெட் எடுத்தாச்சு,” என்றான் அவன். “நீ வர்றதா, இல்ல இங்க இருக்கிறதான்னு போன்ல இழுத்துட்டே இருந்த. என்ன முடிவு?”

வடிவு குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். குருவம்மா கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். காலையில் வடிவு முகத்தில் கட்டியிருந்த வெள்ளைத் துணியும் துவைத்து அதில் தொங்கியது.

“அம்மா.”

“சொல்லுங்க அக்கா.”

“பொங்கல் வைச்சா சொல்றேன்னீங்க. நான் போகட்டுமா, இருக்கட்டுமா?”

சொல்லும்போதே அவள் கண் குருவம்மாவின் புருவத்துக்கும் உதட்டுக்குமாக அலைந்தது.

குருவம்மா கொடியிலிருந்து அந்த ஈரத்துணியை எடுத்தார். உதறினார். கண்ணை மட்டும் விட்டுவிட்டு முகத்தில் சுற்றிக் கட்டிக்கொண்டார். யோசித்து, துணியை இன்னும் மேலே இழுத்துக் கண்ணையும் மூடிக்கொண்டார். தலையிலிருந்து மோவாய்வரை வெறும் வெள்ளைத் துணியாக அவள் முன்னால் நின்றார்.

“இப்போ கேளுங்க அக்கா,” என்றார்.

குழந்தை அந்தத் துணியைப் பிடிக்கக் கை நீட்டிச் சிரித்தது. வடிவு எதுவும் கேட்கவில்லை. குனிந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். சங்கரலிங்கம் காத்திருந்த வாசலைப் பார்த்து நடந்தாள்.