அன்னக்கூடத்து மஞ்சள்

மலையடிவார மடம் ஒன்றில் சுவரோவியம் கற்றுத்தந்தவர் அமுதவல்லியம்மை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த சாத்தப்பர் அவரைவிட வயதில் மூத்தவர், துணிக்கடைக்காரர். கடையை மகனிடம் விட்டுவிட்டு இந்த வயதில் தூரிகை பிடிக்கக் கிளம்பிவிட்டார். ஆசை வந்துவிட்டது, என்ன செய்வது?

வந்த நாளிலிருந்து மண் வேலைதான். ஓடைக்கரையில் மஞ்சள் மண் வெட்டி வருவார். நீரில் கரைத்து, மணலை அடியில் தங்கவிட்டு, மேலே நிற்கும் கலங்கலை வடித்துக் காயவைப்பார். ஒருநாள் அம்மை கூப்பிட்டார்.

“அன்னக்கூடத்துச் சுவரில் புதுச் சுண்ணாம்பு பூசியாயிற்று. அன்னபூரணியைக் கோட்டில் வரைந்துவிட்டேன். முகத்துக்கு உம்முடைய மஞ்சள் மண்ணைப் பூசும். ஈரம் காய்வதற்குள் முடியவேண்டும்.”

சாத்தப்பர் ஓடினார். மண்ணைக் கிண்ணத்தில் குழைத்தார். மங்கலாக இருந்தது. துணிக்கடைக்காரர் கண்ணுக்கு அது போதுமா? பளிச்சென்று இருந்தால்தானே ஆள் திரும்பிப் பார்ப்பான்! நேரே அடுக்களைக்குப் போய் ஒரு கை மஞ்சள்தூளை அள்ளி வந்து கலந்தார். ஈரம் காய்ந்துவிடுமே என்ற பதற்றத்தில் மளமளவென்று முகம் முழுக்கப் பூசிவிட்டுத்தான் பின்னால் நகர்ந்து பார்த்தார்.

அம்மன் முகம் செக்கச்செவேலென்று இருந்தது.

சுண்ணாம்பில் மஞ்சள்தூள் பட்டால் சிவக்கும். ஆரத்தி கரைக்கிற வீட்டில் பிறந்த யாருக்குத்தான் இது தெரியாது? அவசரத்தில் மனுஷனுக்கு மறந்துபோயிற்று.

“அம்மாளுக்கு ஏன் இவ்வளவு கோபம்?” என்றார் சாப்பிட வந்தவர் ஒருவர்.

“சாத்தப்பர் ஆரத்தியை முகத்திலேயே ஊற்றிவிட்டார்,” என்றார் இன்னொருவர்.

சாத்தப்பர் கொத்துக்கரண்டியைத் தூக்கிக்கொண்டு சுவரருகே போனபோது அம்மை வந்தார்.

“சுரண்டிவிட்டு ஊருக்கே போய்விடுகிறேன், அம்மா. இந்தக் கைக்குத் துணி கிழிக்கத்தான் தெரியும்.”

“கிண்ணத்தில் என்ன போட்டீர்?”

“மஞ்சள்தூள்.”

“அது மட்டுமா?”

“மண்ணும்தான். நானே வடித்த மண்.”

அம்மை சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தார். கொத்துக்கரண்டியை அவர் கையிலிருந்து வாங்கி மூலையில் வைத்தார். கிழக்கு ஜன்னலைத் திறந்தார். வெயில் நேராக அந்த முகத்தில் விழுந்தது.

“போவதென்றால் போம். இவள் முகம் தெளிந்த பிறகு போம்.”

“தெளியுமா, அம்மா?”

“தினமும் இந்த ஜன்னலைத் திறப்பது உம்முடைய வேலை.”

தினமும் திறந்தார். பந்தியில் யார் முகத்தையும் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தே சாப்பிட்டார். அப்படிப் பார்த்ததில்தான், சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது தெரிந்தது. ஆள் இல்லாத நேரத்தில் அம்மை கழுவிவிடுகிறாரோ என்று சந்தேகம் வந்தது. விரலால் தொட்டார், ஒன்றும் ஒட்டவில்லை. உதிர்ந்திருக்குமோ என்று குனிந்து தரையைத் தடவினார். அங்கேயும் ஒன்றுமில்லை. அப்புறம் ஊர் ஞாபகமே அவருக்கு வரவில்லை. விடிந்ததும் விடியாததுமாக ஜன்னலுக்கு ஓடுவார், அந்தச் சிவப்பு எங்கேதான் போகிறது என்று பார்க்க.

மழை ஓய்ந்து, பனி போய், கோடை ஏறியது. ஒரு காலையில் ஜன்னலைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சிவப்பு பேருக்குக்கூட இல்லை. அன்னபூரணி முகத்தில் அமைதியான மஞ்சள். வா, உட்கார், சாப்பிடு என்று சொல்கிற முகம்.

சாத்தப்பர் அம்மையிடம் ஓடினார்.

“இந்த மஞ்சளை எப்போது பூசினீர்கள், அம்மா?”

“நான் தொடவே இல்லை. தூளின் சிவப்பை வெயில் தின்றுவிட்டது.”

“பிறகு யார் பூசினார்கள்?”

“அன்றைக்கு நீர் பூசின மண்தான், சாத்தப்பரே.”