முன்னால் போகிறவர்

முதல் அநீதி பணகுடியில் நடந்தது. சைக்கிள் பந்தய அணித் தலைவன் ஜெரினின் பின்சக்கரம் பஞ்சர் ஆகிவிட்டது. "அண்ணாச்சி, உங்க சக்கரத்தைக் கழற்றிக் கொடுங்க" என்றார் ரெஜினா டீச்சர். மாசானமுத்து கொடுத்தார். ஜெரின் பறந்துவிட்டான். ஒற்றைச் சக்கர சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையோரம் நின்றவரிடம், சர்க்கஸ் எந்த ஊரில் என்று ஒருவர் விசாரித்தார்.

இரண்டாம் அநீதி ராதாபுரத்தில். அணி முழுவதற்கும் தண்ணீர் சுமந்தது. பின்னால் வரும் காரிலிருந்து பாட்டில்களை வாங்கி, பனியனின் முதுகுப் பைகளில் திணித்து, முன்னால் போகிறவர்களை எட்டிப் பிடித்து, ஊட்டாத குறையாகக் கொடுத்துவிட்டு மறுபடியும் காருக்கு. பஸ் ஸ்டாப்பில் நின்ற பெண் ஒருத்தி கைகாட்டி நிறுத்தி, பாட்டில் என்ன விலை என்று கேட்டாள்.

மூன்றாம் அநீதி தூத்துக்குடியில். உப்பளக் காற்றுக்கு எதிராக, ஜெரினைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்தே கடைசிவரை கூட்டி வந்தார். முடிவுக்கோடு கண்ணில் பட்டதும் ஜெரின் பக்கவாட்டில் பாய்ந்து ஜெயித்தான். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. படத்தின் ஓரத்தில் மாசானமுத்துவின் முழங்கை வந்தது.

மூன்றையும் இதே வரிசையில் மாசானமுத்து எடுத்துரைத்தார். வள்ளியூரில் அணி தங்கியிருந்த கல்யாண மண்டபத்தில், எல்லோர் முன்னிலையிலும்.

"தூத்துக்குடிய மொதல்ல சொல்லுங்கண்ணாச்சி. அதுதான் எடுப்பா இருக்கும்" என்றான் ஜெரின்.

"நடந்த வரிசையிலதான் சொல்லுவேன். குற்றச்சாட்டுன்னா அதுக்கு ஒரு முறை இருக்கு."

ரெஜினா டீச்சர் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அணிக்குப் பயிற்சி கொடுப்பவர் அவர். மாசானமுத்துவைவிட ஐந்து வயது இளையவர். எந்தக் கொம்பனுக்கும் தலை வணங்காத மாசானமுத்து, ஒரு மலைப்பாதை வளைவில் பிரேக்கைத் தொடாமல் அந்த அம்மாள் இறங்கி வந்ததைப் பார்த்த அன்றே சீடராகிவிட்டார். அதற்குப் பிறகு கேள்விகள் மட்டும்தான் கேட்டார். நிறையக் கேட்டார்.

மறுநாள் போட்டி. சம்பளம் கொடுத்து வீரர்களை வைத்திருக்கும் பெரிய அணி ஒன்றிலிருந்து ஆள் எடுக்க ஒருவர் வந்திருந்தார். முதலில் வருகிறவனுக்கு இடம். மாசானமுத்துவுக்கு முப்பத்தாறு வயது. இனி இன்னொருவர் தேடி வரப்போவதில்லை.

"கேள்விக்கு வாரேன் டீச்சர். காத்தை ஒடைக்கிறவன் ஒருத்தன், மாலை வாங்குறவன் இன்னொருத்தன். முன்னால போறவனுக்கு என்னதான் கிடைக்குது?"

டீச்சர் எண்ணெய்க் குப்பியை மூடினார்.

"நாளைக்குப் பின்னால போய்ப் பாருங்க."

"யாருக்குப் பின்னால?"

"எல்லாருக்கும். தண்ணி கொடுக்காதீங்க, சக்கரம் கொடுக்காதீங்க. உங்களுக்காக மட்டும் ஓட்டுங்க."

"அப்ப நான்?" என்றான் ஜெரின்.

"நீயும் உனக்காக மட்டும் ஓட்டு. இவ்வளவு நாளும் அதத்தான செஞ்சுக்கிட்டிருந்த?"

வள்ளியூரிலிருந்து ஆரல்வாய்மொழிக்கு. ஆனி மாதம். மலைக் கணவாய் வழியாக எதிரே வரும் காற்று லாரியையே தள்ளிப் பார்க்கும். சாலையின் இருபுறமும் காற்றாலைகள் வெறிபிடித்துச் சுற்றின. இந்தக் காற்றில் ஒருவன் நெஞ்சைக் கொடுத்துப் போனால், அவன் முதுகை ஒட்டிப் போகிறவர்களுக்குப் பாதி பாரம் குறைந்துவிடும்.

மாசானமுத்து எல்லோருக்கும் பின்னால் இருந்தார். கால் தானாகச் சுற்றியது. இந்தச் சொகுசையா பயல்கள் இவ்வளவு வருஷம் அனுபவித்தார்கள் என்று கோபம் வந்தது.

பணகுடி தாண்டியதும் இரண்டு பேர் கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடினார்கள். துரத்த வேண்டும். துரத்துவதற்கு ஒருவன் முன்னால் போக வேண்டும். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாசானமுத்துவும் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை.

கூட்டம் தளர்ந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஊர்ந்தார்கள். ஒருவன் நின்றேவிட்டான். கால் ஊன்றாமல் பெடலிலேயே ஆடிச் சமாளித்தான். மீன்பெட்டி கட்டிய சைக்கிளில் வந்த வியாபாரி மொத்தப் பேரையும் தாண்டிப் போனார். போகிற போக்கில், "எந்த வீட்டு எழவுக்குய்யா போறீங்க?" என்று கேட்டார்.

"அண்ணாச்சி, ரெண்டே ரெண்டு கிலோமீட்டர்" என்றான் ஜெரின்.

"இன்னைக்கு நான் வெறும் பயணி."

மேலப்பாளையம் அணியின் பைசல் பக்கத்தில் வந்தான். "அண்ணே, கொஞ்சம் முன்னால போங்கண்ணே."

"ஒனக்கு எதுக்குடே நான் போகணும்? நீ எதிரணி."

"எப்பவும் உங்களுக்குப் பின்னாலதானண்ணே வாரோம். ஜெரினுக்கு அடுத்தாப்ல நாங்கதான்."

இது மாசானமுத்துவுக்குப் புதுச் செய்தி. நான்காம் அநீதியாகச் சேர்க்கலாமா என்று யோசித்தார். அதற்குள் கண் முன்னால் போய்விட்டது. காற்றுக்கு நேராக, ஆள் இல்லாமல், சாலை சும்மா கிடந்தது. அவருக்குத் தாங்கவில்லை. ஒரு வசவை உதிர்த்துவிட்டு முன்னே போனார்.

அதைப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். கைப்பிடியோடு நெஞ்சு ஒட்டியது. முதுகு தரையோடு தரையாகத் தாழ்ந்தது. அதன்மேல் தண்ணீர் நிறைந்த டம்ளரை வைத்திருந்தாலும் சிந்தியிருக்காது. குழி வந்தால் ஒரு விரல் கீழே காட்டும். காற்று பக்கம் மாறினால், பின்னால் இருப்பவனுக்கு மறைப்புப் போகாதபடி ஒரு முழம் நகர்வார். மீன்காரரை முதலில் தாண்டினார். முப்பந்தலில் அந்த இரண்டு பேரையும் பிடித்தார். அங்கே கால் செத்துவிட்டது. முப்பது பேரும் இருபுறமும் பீறிட்டுப் போனார்கள். பைசல் முதலில் வந்தான். மாசானமுத்து கடைசியில் வந்தார்.

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு டீச்சரிடம் போனார்.

"பின்னால இருந்து பாத்தேன் டீச்சர். முதுகுதான் தெரிஞ்சுது. வேற ஒண்ணும் தெரியல. எடமும் போச்சு."

டீச்சர் மேடைப் பக்கம் கைகாட்டினார்.

மேடையில் ஆள் எடுப்பவர் பைசலுக்கு மாலை போட்டார். "எங்க அணியில ஒரு வழக்கம் உண்டு. ஜெயிச்சவர் தனக்கு முன்னால போக ஒரு ஆளையும் கூட்டிட்டு வரலாம். யார் வேணும்?"

"ஒரு அண்ணன் இருக்காரு சார்."

"பேரு?"

"கேட்டதில்ல சார்."

"ஆளைக் காட்டுங்க."

வீரர்கள் பனியனைக் கழற்றி, முகம் கழுவி, கலந்து நின்றார்கள். பைசல் தடுமாறினான். "ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாம அடையாளம் தெரியல சார். முகத்தை எங்க பாத்தோம்?"

கூட்டம் சிரித்தது. பைசல் ஜெரினைப் பார்த்தான். ஜெரினுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் தன் ஆள் போய்விடுவார் என்றும் தெரியும். அவன் காற்றாலையை வேடிக்கை பார்த்தான்.

"பேரே தெரியாத ஆளை நான் எப்படி எடுக்கிறது?" என்றார் வந்தவர்.

ரெஜினா டீச்சர் மேடை ஏறினார். "எல்லாரும் வரிசையாத் திரும்பி நில்லுங்க. முதுகைக் காட்டுங்க."

திரும்பி நின்றார்கள். மாசானமுத்துவும் நின்றார். எதிரே மலை. காற்று முகத்தில் அறைந்தது. பின்னால் பைசலின் காலடி வரிசையின் கோடியிலிருந்து நிற்காமல் வந்தது. பக்கத்தில் வந்தது. நின்றது.

"இவருதான் சார்."

மாசானமுத்து தலையைத் திருப்பப் போனார்.

"திரும்பாதீங்க அண்ணாச்சி" என்றார் டீச்சர். "கேட்ட கேள்விக்குப் பதில் வந்துக்கிட்டிருக்கு."

பிறகு மைக்கைக் கையில் வாங்கி, மேடையில் இருந்தவர்களும், சாலையில் நின்ற ஜனங்களும், முதுகு காட்டி நின்ற முப்பது பேரும் கேட்கும்படி நிறுத்தி நிதானமாக அறிவித்தார்:

"வள்ளியூர், சுடலையாண்டி மகன், மாசானமுத்து."