பத்துக்குப் பத்து

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனிக் காற்று என்றால், குடை பிடித்தவன் குடையோடு போவான். அந்தக் காற்று வழியில்தான் டாக்டர் ரெத்தினபாயின் கண் ஆஸ்பத்திரி.

அவரிடம் செண்பகராமன் சீடராகச் சேர்ந்திருந்தார். கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். குருவைவிட ஏழு வயது மூத்தவர். இருக்கட்டுமே. தெரியாததைத் தெரிந்தவரிடம்தானே கேட்க வேண்டும்.

கண் உலர்ந்து போகிறவர்களுக்கு அங்கே சொட்டு மருந்து இலவசம். மருந்து குறைவு, வருகிற கண்கள் ஏராளம். யாருக்குத் தொடரலாம், யாருக்கு நிறுத்தலாம் என்று அளக்கச் செண்பகராமன் ஒரு தாள் தயாரித்தார். பன்னிரண்டு கேள்விகள். வாசித்தால் உறுத்துகிறதா, காற்றில் எரிகிறதா என்று போகும். அவை போகக் கடைசியில் தனியாக, வைத்தியம் திருப்தியா, பத்துக்கு எத்தனை?

முதல் ஆள் தோவாளைப் பூ வியாபாரி சிதம்பரதாணு.

"வாசிக்கும்போது உறுத்தல் உண்டா?"

"இல்ல."

"காத்துல போகும்போது எரிச்சல்?"

"கிடையாது."

பன்னிரண்டுக்கும் இல்லைதான். திருப்தி, பத்துக்குப் பத்து.

செண்பகராமனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சிதம்பரதாணுவை வெளியே உட்கார வைத்துவிட்டு, விந்தி விந்தி உள்ளே போனார்.

"டாக்டர், குணமாயிட்டார்! எல்லாம் பூஜ்யம். மருந்தை நிறுத்திடலாம். ஒரு கையெழுத்து."

ரெத்தினபாய் தாளைத் தொடவில்லை.

"காலையில அவர் கண்ணைப் பார்த்தேன். வறண்ட குளம்."

"பின்னே அவரே இல்லைங்கிறாரே! அதெப்படி?"

ரெத்தினபாய் தாளைப் பிடுங்கித் திருப்பி வைத்தார். பேனாவைத் திறந்தார்.

"உக்காருங்க. முழங்காலுக்குத் தைலம் போடுறீங்கல்லா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"கேட்டதுக்குப் பதில். இந்த வாரம் சம்மணம் போட்டு உக்காரும்போது வலிச்சுதா?"

"இல்லை."

"மாடிப்படி ஏறும்போது?"

"இல்லை."

"கோயில்ல விழுந்து கும்பிட்டு எழும்பும்போது?"

"இல்லை."

"பூஜ்யம். தைலத்தை நிறுத்திருங்க."

"அய்யோ, எப்படி நிறுத்த! நான் சம்மணம் போட்டே மூணு வருஷம்..."

செண்பகராமனுக்கு மகள் கல்யாணப் பந்தி நினைவுக்கு வந்தது. சம்பந்தி வீட்டார் எல்லாரும் பாயில் வரிசையாக இலை போட்டு உட்கார, பெண்ணைப் பெற்ற இவர் மட்டும் ஓரமாக ஒரு நாற்காலியில். சிரித்துக்கொண்டேதான் சாப்பிட்டார்.

"யோசனையெல்லாம் அப்புறம்," என்றார் ரெத்தினபாய். "அவர் பஸ் ஏறிடுவார்."

சிதம்பரதாணு ஏறவில்லை. வாசல் கதவுக்குப் பின்னால், காற்றுக்கு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார். செண்பகராமன் பக்கத்தில் போனார்.

"சந்தைக்குக் கடைசியா எப்ப போனீங்க?"

"போன வருஷம் ஆனியில. காத்துல கண்ணு ரெண்டும் பொத்திப் போச்சு. பூக்கூடையோட ஓடையில விழுந்தேன்லா. அதுக்குப் பொறவு மருமவன்தான் போறான்."

"வண்டி ஏதும் உண்டா?"

"மொபெட் உண்டு. கொட்டில்ல நிக்கி. சீட்டுல கோழி அடையுது."

"பேப்பர் வாசிப்பீங்களா?"

"இப்பப் பேத்தி வாசிப்பா. நான் கண்ணை மூடிக்கிட்டுக் கேப்பேன்."

"பின்னே பத்துக்குப் பத்து எப்படி வந்துது?"

"மொகத்துக்கு நேரா கேட்டா மனுசன் ஒம்பதுன்னா சொல்லுவான்? புரொபசர் சார், பத்து காணாதுன்னா பன்னெண்டு போட்டுக்கிடுங்க."

செண்பகராமன் சிரித்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"சந்தைக்குப் போகணும்னு இல்லையா?"

சிதம்பரதாணு தோவாளைப் பக்கம் திரும்பினார்.

"விடியும் முன்ன பிச்சிப்பூ வந்து எறங்கும். மூட்டையைப் பிரிச்சதும் ஒரு மணம் வரும் பாருங்க..."

மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

செண்பகராமன் உள்ளே வந்தார். மொபெட், கோழி, பேத்தி, எல்லாவற்றையும் சொன்னார்.

"மருந்தை நிறுத்த வேண்டாம், டாக்டர்."

"சரி."

"ஆனா அது வேலை செய்யுதான்னு நான் எப்படி அளக்க? பன்னிரண்டு கேள்வியும் போச்சே. இனி அவர்ட்ட என்னதான் கேட்க?"

ரெத்தினபாய் மருந்துச் சீட்டில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"அடுத்த மாசம் வருவார். கோழி எங்கே அடையுதுன்னு கேளுங்க."