நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி அரைஞாண்கள்

வெகு காலத்துக்கு முன்பு, ஓர் ஐப்பசி மாதம் முதல் வாரத்தில், செவ்வரி நாட்டை ஆண்ட கீர்த்திமாறன் நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி அரைஞாண்களைத் தன் அரசவையில் தொங்கவிட்டான். எல்லாம் கருங்காட்டு நாட்டோடு நடந்த போரில் எதிரிகளின் இடுப்பிலிருந்து எடுத்தவை என்று தளபதி இரணசிங்கன் சொல்லியிருந்தான். அதிகம் கொண்டுவந்தவனுக்கு ஒரு கிராமம் பரிசு என்பது அந்த அரசனின் வழக்கம். அந்த ஆண்டுப் பரிசு தளபதிக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

சந்தேகப்பட்டவன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் சாத்தையன். படையில் தண்ணீர் சுமந்தவன். தளபதியின் ஆட்கள் நம் பக்கத்தில் விழுந்தவர்களின் இடுப்பையும் தடவினார்கள் என்று கடைத்தெருவில் சொல்லிவிட்டான். தளபதி அவனைக் கட்டி இழுத்து வந்தான். அரசன் கேட்டுக்கொண்டே வெற்றிலை மென்றான். வெற்றி விழா முடிந்ததும் நாக்கை அறுத்துவிடுங்கள் என்றான்.

அமைச்சர் தாழைமுத்து ஆட்சேபிக்கவில்லை. அதுவே பலருக்கு ஆச்சரியமாக இருந்தது. தளபதிக்கு மகிழ்ச்சி. அமைச்சரின் செல்வாக்கு அவன் கண்ணில் பல நாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

விழா அன்று காலை அமைச்சர் தளபதியைப் புகழ்ந்து பேசினார். கடைசியில் பணிவாக ஒன்று கேட்டார்.

"இவற்றில் சிலவாவது எதிரியின் மூட்டையில் கிடைத்ததாக இருக்கும், இல்லையா தளபதி? போர் என்றால் அதுவும் நடப்பதுதானே."

"மூட்டையில் பொறுக்க நான் என்ன குப்பை அள்ளுகிறவனா? ஒவ்வொன்றும் என் கண்ணெதிரே எதிரியின் இடுப்பிலிருந்து அவிழ்த்தது. என் வாளின் மேல் ஆணை."

அவை கைதட்டியது. அந்த ஆணையை முரசறைந்து ஊருக்குச் சொல்லலாம் என்றார் அமைச்சர். அரசனும் சம்மதித்தான்.

வெற்றி விழாவில் போரில் இறந்தவர்களின் மனைவிமார் அரசவைக்கு வந்து அரசன் கையால் அரிசியும் புடவையும் வாங்குவது அந்த நாட்டு முறை. அவர்கள் தலை குனிந்து வருவார்கள், தலை குனிந்து போவார்கள். அந்தத் தடவை அரைஞாண்கள் மேலே உத்தரத்தில் இல்லை. பெண்களும் வெற்றியைப் பார்க்கட்டும் என்று அமைச்சர் அவற்றைக் கைக்கெட்டும் உயரத்துக்கு இறக்கிக் கட்டச் சொல்லியிருந்தார்.

ஏழாவதாக வந்தவள் பொன்னுருவி. நடந்துகொண்டிருந்தவள் நின்றாள். ஓர் அரைஞாணைக் கையில் ஏந்தினாள்.

"இது என் வீட்டுக்காரருடையது."

வெள்ளிக்கு ஆசைப்படுகிறாள் என்று தளபதி சிரித்தான். அரசனும் சிரித்தான். அமைச்சர் மட்டும் அடையாளம் கேட்டார். கொக்கியை ஒட்டி நூல் சுற்றியிருக்கும், அதைப் பிரித்தால் உள்ளே மூன்று கண்ணி செம்பாக இருக்கும் என்றாள் அவள். கல்யாணத்துக்குப் பிறகு அவருக்கு உடம்பு போட்டது. நீட்டித் தர அந்த வருஷம் வெள்ளி வாங்க முடியவில்லை. காவலன் ஒருவன் நூலைப் பிரித்தான். செம்பு.

அதற்குப் பிறகு மற்றப் பெண்களும் தலை நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். ஒருத்தி மணியைச் சொன்னாள், ஒருத்தி நெளிந்த கொக்கியைச் சொன்னாள். பத்தொன்பது பேர் ஆளுக்கொரு அரைஞாணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

தளபதி பெண்களுக்கும் அரசனுக்கும் நடுவில் வந்து நின்றான். நம்மவர்களிடம் எதிரி பறித்ததை நாங்கள் மீட்டிருப்போம் என்றான்.

"மூட்டையில் எதுவும் எடுக்கவில்லை என்று காலையில் ஆணையிட்டீர்களே. முரசும் அறைந்தாயிற்று" என்றார் அமைச்சர்.

அரசன் அப்போதும் தன் தளபதியை விட மனமில்லாமல் இருந்தான். "அப்படியென்றால் இவர்கள் புருஷன்மார் எதிரியோடு சேர்ந்து நம்மை எதிர்த்திருக்கிறார்கள். துரோகிகள். அரிசியைத் திரும்ப வாங்குங்கள்."

பெண்கள் அசையவில்லை. அமைச்சர் வணங்கினார்.

"அப்படியே ஆகட்டும் அரசே. பத்தொன்பது துரோகிகள். அத்தனை பேரும் தளபதியின் சொந்த அணி. அவர்களுக்குச் சோறு போட்டு, ஆயுதம் கொடுத்து, உங்கள் கூடாரத்துக்குக் காவலும் வைத்திருந்தார். ஒன்று, நம் தளபதி பிணத்தில் திருடியவர். இல்லையென்றால் துரோகிகளின் தலைவர். எது என்று நீங்களே சொல்லுங்கள்."

அரசன் தளபதியின் பக்கம் திரும்பினான். வெற்றிலை மெல்லும் வாய் நின்றிருந்தது. தளபதி முழந்தாளிட்டான். பிணத்துக்கு வெள்ளி எதற்கு என்று முணுமுணுத்தான்.

பொன்னுருவி அவனிடம் ஒன்று கேட்டாள். "கழற்றும்போது அவருக்கு உயிர் இருந்ததா?"

தளபதி தரையைப் பார்த்தான். அவள் தண்டனைக்காகத் தூணில் கட்டியிருந்த சாத்தையனைப் பார்த்தாள்.

"தண்ணீர் கேட்டார் அக்கா" என்றான் அவன். "நான் கிட்டப் போனேன். என்னை விரட்டிவிட்டார்கள்."

பிறகு அரசன் தீர்ப்புச் சொன்னான். தளபதியின் வாளும் தலைப்பாகையும் பறிக்கப்பட்டன. பத்தொன்பது வீடுகளுக்கும் அவன் வெறுந்தலையோடு நடந்து போய், வாசலில் நின்று அரைஞாணைக் கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் என்ன கேட்டாலும் பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்கு நகர வேண்டும். பரிசுக் கிராமம் அமைச்சருக்கு.

அமைச்சர் கிராமம் வேண்டாம் என்றார். சாத்தையனின் நாக்கைக் கேட்டார். அரசன் கொடுத்தான்.

"மிச்சம் இருப்பவை, அரசே?"

"அவை எதிரியுடையவை."

"அவர்களுக்கும் வீட்டில் ஆட்கள் இருப்பார்கள்."

"இன்றைக்கு இது போதும் தாழைமுத்து."

தொண்ணூற்று மூன்று அரைஞாண்களும் மறுபடி உத்தரத்துக்கு ஏறின.

அடுத்த ஆண்டு மாசி மாதம் பத்தாம் தேதி செவ்வரி நாட்டுப் படை மீண்டும் கருங்காட்டின் மேல் போனது. புறப்படுவதற்கு முன் வீரர்கள் தங்கள் வெள்ளி அரைஞாண்களைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டார்கள்.